என் பேத்தியின் வாயைத் திறந்தாள் எல்லையம்மன்

போன வருஷம் வைகாசி மாதம் என் மருமகள் சரண்யாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். என் மகன் தினேஷ் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். யாருக்குப் போன் போட்டால் இது சரியாகும் என்றுதான் என் மனசு ஓடியது. அப்படி ஓடித்தான் எனக்குப் பழக்கம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அயனம்பாக்கத்தில் ஏழுமலை என்றால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நாலாங்கிளாசோடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். அப்பாவின் நிலத்தில் நெல் விளைந்தது போய் மனைக்கல் விளைந்த காலத்தில், மீன்பாடி என்கிற மூணு சக்கர வண்டியில் டிரம் வைத்து வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றினேன். இன்றைக்கு அம்பத்தூரிலிருந்து திருமழிசை வரைக்கும் எந்த அடுக்குமாடியில் குழாயைத் திறந்தாலும் பாதிப் பேர் குளிப்பது என் லாரித் தண்ணீரில்தான். கம்ப்யூட்டர் படித்தவர்கள் தண்ணீர் நின்றுபோனால் காலையில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு போன், ஒரு லாரி. எனக்கு எல்லாமே அப்படித்தான் நடந்தது. அதனால்தான் அந்த நோய் என்னை அப்படி உலுக்கியது. அதற்கு அனுப்ப என்னிடம் லாரி இல்லை.

என் மனைவி காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் நான், தினேஷ், சரண்யா, ஏழு வயசுப் பேத்தி தர்ஷினி, நாலு வயசுப் பேரன் கவின். சரண்யா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரங்களில், அம்மா முத்தாபுதுப்பேட்டைக்கு, அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். டாக்டரம்மா ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் அவர்கள் வயசுக்குப் புரிகிற மாதிரி உண்மையைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அவர்களே ஏதாவது கற்பனை பண்ணிக்கொள்வார்கள் என்றார்.

"நீங்க மருந்தப் பாருங்கம்மா, ஊட்ட நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி மாதம் சரண்யா வீட்டுக்கு வந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. கையில் மெல்லிசாக ஒரு குழாய் வைத்து மேலே ஒட்டுப் போட்டிருந்தார்கள், அதன் வழியாகத்தான் மருந்து ஏறும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, வெளியாட்கள் கிட்டே வரக்கூடாது, பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

யாரும் வரக்கூடாது என்றால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு வழிதானே. வாசலில் வேப்பிலை கட்டினேன். அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். தலைமுடி ஆத்தாளுக்குக் காணிக்கை போய்விட்டது என்றேன். ஒரு பொய்யில் எல்லாம் அடங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் அம்மை வீடென்றால் அம்மை வீடாக நடக்க வேண்டும் இல்லையா. தாளிக்கக் கூடாது. கறி, மீன் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் வெளியே கேட்டால் தெரு சும்மா இருக்குமா? தினேஷ் மோர்சோற்றைப் பிசைந்துகொண்டே, "நைனா, நோவு சரண்யாவுக்கு, பத்தியம் நமக்கா" என்றான். அந்த மாதம் முழுக்க அவன் சிரித்தது அது ஒன்றுக்குத்தான். எதிர்வீட்டுக்காரி கேட்டில் இளநீர் வைத்துவிட்டுப் போவாள். என் டிரைவர் செல்வம் தினமும் சாவி வாங்க வரும்போது எட்டியே நின்று, "இன்னா நைனா, இன்னுமா எறங்கல? மூணு தண்ணி ஊத்துனா ஓடிப்பூடுமே" என்பான். தர்ஷினி ஜன்னலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் வீட்டில் அம்மை வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, போய்விட்டதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். தன் அம்மாவுக்கு மட்டும் யாரும் ஊற்றவில்லை. ஒருநாள் நான் லாரிக்குப் போன் பேசிவிட்டு வைத்தேன். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, ஊருக்கெல்லாம் லாரி லாரியா தண்ணி ஊத்தறியே. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் ஊத்த மாட்டேங்கற?"

போன் மணி அடித்தது, எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஆடி பிறந்தது. ஒரு காலையில் சரண்யா பின்கட்டில் நாற்காலி போட்டு இளவெயிலில் கண்ணயர்ந்திருந்தாள். நான் முன்வாசலில் ஒரு டிரைவரோடு சண்டை. தர்ஷினி வாசல் தோரணத்திலிருந்தே வேப்பிலையை உருவி, பக்கெட் தண்ணீரில் போட்டு, மஞ்சள்தூளைக் கொட்டி, வெயிலில் வைத்துச் சூடேற்றியிருக்கிறாள். எல்லாம் முறைப்படி. பிறகு நாற்காலியின் பின்னால் ஸ்டூல் மேல் ஏறி, சொம்பு சொம்பாகத் தாயின் தலையில் ஊற்றிவிட்டாள். சரண்யா விழித்துக் கையைத் தூக்குவதற்குள் ஒட்டு நனைந்து மஞ்சளாகிவிட்டது.

நான் ஓடிவந்து பார்த்து ஒரு கத்தல் கத்தினேன். "யாருடி உன்ன ஊத்தச் சொன்னது? உங்கம்மாவ சாவடிக்கவா?"

சரண்யாதான் ஈரத்தோடு என்னைத் தடுத்தாள். "மாமா, உடுங்க மாமா. கொழந்த."

அன்று சாயங்காலமே சரண்யாவுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கிருமி என்றார்கள். இந்த மருந்து ஏறுகிறவர்களுக்கு ஜுரம் தானாகவும் வரும், தண்ணீரால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். தினேஷ் அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளைகள் இரண்டும் என் கையில்.

அன்றிலிருந்து தர்ஷினி பேசவில்லை. பசிக்கிறதா என்றால் பதில் இல்லை. வாயில் வைத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சட்டைக் கழுத்தைக் கடித்துக் கடித்து நூல் நூலாக்கிவிட்டாள். கவின் பொம்மைகளைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்து, முன்னால் வேப்பிலை போட்டு, "யாரும் வராத, அம்மை கீது" என்று என்னைத் துரத்தினான். நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. லாரி ஷெட்டுக்குப் போவேன், பாதியில் திரும்புவேன். ஏரிக்கரையில் நடப்பேன். போனை எடுப்பேன், யாரைக் கூப்பிட என்று தெரியாமல் வைப்பேன். அங்கே மருமகள், இங்கே பேத்தி. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

ஆடி இரண்டாவது ஞாயிறு, எல்லையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். பிள்ளைகளை விட்டுப் போக ஆளில்லாமல் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். பம்பைச் சத்தம், கூட்டம், தவலைகளில் கூழ். சன்னதியில் நின்று என் பாணியிலேயே வேண்டினேன். ஆத்தா, மதில் கட்டித் தருகிறேன், வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன், அந்தப் பெண்ணை எழுப்பிவிடு என்று அடுக்கினேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது லாரி பேரம் மாதிரி இருந்தது. நிறுத்திக்கொண்டேன். கடைசியில் ஒன்றே ஒன்று வந்தது. "தாயே, எனக்கு ஒண்ணும் தெரியல. இந்தப் புள்ள வாயத் தெறக்கணும்." அவ்வளவுதான். என் ஆயுசில் பேரம் இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பிப் பார்க்கிறேன், தர்ஷினி என் பக்கத்தில் இல்லை. கவினைக் கையில் பிடித்துக்கொண்டு பதறிப்போய்த் தேடினேன். கோயில் வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிய கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டிருந்தாள். பின்னால் போய் நின்றேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் தண்ணி சரியா ஊத்தல. அதான் உனக்குக் கோவம். எங்கம்மாவ உட்டுட்டு என் மேல வந்துடு. நான் ஸ்கூலுக்குப் போவாம படுத்துக்கறேன். எனக்கும் தண்ணி ஊத்த வேணாம்னு தாத்தாகிட்ட சொல்லிடறேன்."

அந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்தேன். வாயைத் திற என்று கேட்டேன், ஆத்தா திறந்தாள். திறந்து, உள்ளே என்ன கிடக்கிறது பார் என்று எனக்குக் காட்டினாள். நான் அவள் பேரைச் சொல்லித்தான் பொய் சொன்னேன். அவள் வாசலிலேயே வைத்து அந்தப் பொய்யை என் முன்னால் போட்டாள்.

பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"கண்ணு, அம்மாவுக்கு வந்தது அம்மை இல்ல. தாத்தா பொய் சொன்னேன். அது ரத்தத்துல வர்ற நோவு. கேன்சர்னு பேரு. ஆத்தாளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. முடி கொட்டுனது மருந்தால."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நான் அம்மாவ அடிச்சனே ஒரு வாட்டி, அதனால வந்துச்சா?"

"இல்லடா. யாராலயும் வரல."

"தண்ணி?"

"அதாலயும் வரல. அதுக்கு முன்னாடியே நோவு கீது. தாத்தா கத்துனது தப்பு."

"எனக்கும் கவினுக்கும் ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. நம்மகிட்டேருந்துதான் அம்மாவுக்கு சளி, ஜுரம் ஒட்டிக்கும். அதான் தள்ளி இருக்கச் சொன்னாங்க."

கொஞ்ச நேரம் சட்டைக் கழுத்தைக் கடித்தாள். பிறகு கேட்டாள். "அம்மா செத்துடுமா?"

இத்தனை வருஷத்தில் யார் எதைக் கேட்டாலும் ஆகிவிடும் என்றுதான் சொல்லிப் பழகியவன் நான். ஆத்தாளைப் பார்த்தேன். அவள் முன்னால் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"தெரியல கண்ணு. பொழைக்க வைக்கத்தான் டாக்டருங்க பாடுபட்டுகினு கீறாங்க. எதுவா இருந்தாலும் உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன். அம்மா இல்லாதப்பல்லாம் நானும் அப்பாவும் உங்க கூடவே இருப்போம்."

அவள் அழுதாள். சத்தமாக, மூக்கொழுக, அத்தனை நாள் சேர்த்து வைத்த அழுகை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கவின் ஓடிவந்து என் தோளில் ஏறிக்கொண்டான். அழுது முடித்து மூக்கை என் துண்டில் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"கூழ் வேணும் தாத்தா. வெங்காயம் வெச்சி."

ஒரு சொம்பு குடித்தாள். நான் அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் அருள் என்றால் என்ன என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அங்கிருந்தே தினேஷுக்கு வீடியோ கால் போட்டேன். சரண்யா மூக்கில் குழாயோடு தெரிந்தாள். தர்ஷினி முதலில் கேட்டது, "அம்மா, உனக்கு கேன்சராமே?" என்றுதான். சரண்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் முகம் லேசானது. "ஆமாண்டி. உன்கிட்ட சொல்லாம மூச்சு முட்டிச்சுடி எனக்கு" என்றாள். அந்தப் பெண் எத்தனை வாரம் என் பொய்யையும் சேர்த்துச் சுமந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது. டாக்டர்கள் மருந்து வேலை செய்தது என்றார்கள். மருந்துக்குள் வேலை செய்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

சரண்யா வீடு வருவதற்குள் வேப்பிலைத் தோரணத்தை நானே அவிழ்த்தேன். தெருவில் வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி, "அதுக்கின்னாண்ணா, மறைக்கறதுக்கு இது இன்னா திருட்டா" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது. தர்ஷினிக்கும் கவினுக்கும் சரண்யாவே வேலை பிரித்துக் கொடுத்தாள். உள்ளே வருகிறவர்கள் கை கழுவினார்களா என்று பார்ப்பது தர்ஷினி. மாத்திரை வேளைக்கு அம்மாவுக்குத் தம்ளரில் தண்ணீர் எடுத்துப் போவது கவின். பாதி கொட்டும், பரவாயில்லை. செல்வம் ஒருநாள் கழுவாமல் உள்ளே கால் வைத்துவிட்டு தர்ஷினியிடம் வாங்கிய திட்டை இன்னும் மறக்கவில்லை. "நைனா, உன் கொரலு அப்படியே கீது" என்கிறான். இருக்காதா பின்னே, என் ரத்தம்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. மருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் பயம்தான். தர்ஷினி சில நாள் பள்ளிக்கூட வாசலில் என் கையை விடமாட்டாள். "இன்னிக்கி அம்மா எப்டி?" என்பாள். நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது என்பேன். வாந்தி என்றால் வாந்தி என்பேன். கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தெரிந்தது எவ்வளவு பயங்கரமானாலும் பிள்ளை அதைத் தூக்கிவிடுகிறது. தெரியாததைத்தான் அதனால் தூக்க முடியவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் பரிசோதனை பண்ணி, ரத்தத்தில் இப்போது நோய் தெரியவில்லை என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னோம். கைக்குழாயை எடுத்தார்கள். புண் ஆறியதும் தலையோடு குளிக்கலாம் என்றார்கள்.

அந்த ஞாயிறு காலை சரண்யா அதே பின்கட்டில், அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் குட்டையாக முடி முளைத்திருந்தது. அவளேதான் தர்ஷினியைக் கூப்பிட்டு, "வாடி, நீ பாதில உட்டத முடி" என்றாள். நான் என் லாரியிலிருந்தே ஒரு பக்கெட் பிடித்துக்கொண்டு வந்து வைத்தேன். கொஞ்சம் வேப்பிலை போடட்டுமா கண்ணு என்று கேட்டேன்.

"வாணாம் தாத்தா. இது மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா குளிக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறி ஊற்றினாள். தாயும் மகளும் சிரித்தார்கள். நான் அப்போதுதான் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இந்த ஆடி மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற என் தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, யார் வீட்டில் நோய் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். அதை அம்மன் முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் சாட்சியாக உள்ளதைச் சொல்லுங்கள். மதில் நான் கட்டித் தருவேன், சொன்ன சொல் மாறமாட்டேன். ஆனால் ஆத்தா மதிலுக்காக இரங்கவில்லை. கையை விரித்து, தெரியவில்லை தாயே என்று நின்றேன் பாருங்கள், அதற்குத்தான் இரங்கினாள். நீங்களும் ஒருமுறை அப்படி நின்று பாருங்கள்.