மடையில் பதிந்த என் கை

வேடந்தாங்கல் பக்கத்தில் எங்கள் ஏரி. தொண்ணூறுகளில் ஒரு வருஷம் மழை பொய்த்ததால் முறை வைத்துப் பாய்ச்சினோம். முறை முடிந்தவர் தன் வயல் மடையைச் சேற்றால் அடைப்பார். அடுத்த முறைக்காரர் அந்த ஈரச் சேற்றில் கையைப் பதிப்பார். தடம் கலைந்தால் திருட்டு.

அண்ணனுக்கு அடுத்த முறை எனக்கு. சேறு வெடிக்காமலிருக்க அவன் என் கைத்தடத்தின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடினான். நெகிழ்ந்துபோனேன்.

என் வயலுக்குத் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வாய்க்காலோடு மேலே போய்ப் பார்த்தால், மடை அடைத்த அண்ணன் வயலில் கெண்டைக்குஞ்சு துள்ளியது. மடையை வெட்டினேன். என் கைத்தடத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பைப்பு. நான் கை வைக்கும் முன்பே புதைத்திருக்கிறான்.

“ஏம் பயிரு காஞ்சிச்சி, இன்னா பண்ண சொல்ற? தம்பிதான, பொறுத்துக்குவன்னு நெனச்சேன்” என்றான் அண்ணன்.

அந்தச் சாக்கை நனைத்ததும் என் தண்ணீர்தான்.