கேரள நம்பர் வண்டி

தேயிலை விலை சரிந்திருந்த காலத்தில், வயநாட்டிலிருந்து மஞ்சூர் ஃபேக்டரிக்கு மேலாளராக வந்தேன். என் காருக்குக் கேரளப் பதிவெண். இங்கே தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றிப் பதிந்தால் மறுபடியும் வரி கட்ட வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன். புது எண் வந்தபின் சேர்த்து எடுக்கலாமென்று, முடிந்துபோன இன்சூரன்ஸையும் புதுப்பிக்கவில்லை.

ஒரு மாலை, மூடுபனியில், வளைவில் ஒரு பெண்ணை இடித்துவிட்டேன். இன்சூரன்ஸ் இல்லாதது நினைவுக்கு வந்தது. நிற்காமல் போய்க் காரை ஷெட்டில் விட்டேன். பிறகு மனம் கேட்காமல் ஃபேக்டரி ஜீப்பில் திரும்பி வந்தேன். இலை பறிக்கும் செல்லம்மா, வலக்கை நசுங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

"வண்டி நம்பர் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"கேரளா நம்பருங்க. நிக்கவே இல்லீங்க. இந்த ஐயா ஜீப்பு கொண்டாரலைன்னா அங்கயே போயிருப்பேன்."

"உங்களுக்கு நல்ல மனசுங்க சார்" என்றார் போலீஸ்காரர் என்னிடம். எல்லைச் சாவடிகளில் அந்த வண்டியைத் தேடினார்கள்.

சில மாதங்களில் காருக்குத் தமிழ்நாட்டு எண் வாங்கினேன்; இன்சூரன்ஸும் எடுத்தேன். இடித்த வண்டி கிடைக்காததால் செல்லம்மாவுக்கு நஷ்டஈடு வரவில்லை. இலை பறிக்கவும் முடியாமல் போயிற்று. அதே காரில் நான் கடந்து போகும்போதெல்லாம், இடக்கையை உயர்த்தி வணக்கம் சொல்வார். நானும் பதிலுக்குச் சொல்வேன்.

அவர் இப்போது இல்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.