ஷார்ட்ஸ்டாப்பைப் பற்றி அவர் கேட்டார்

பேஸ்பால் ரசிகர்களுக்குக் கோடைக்காலம்தான் கொண்டாட்டம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் என்ன இருக்கிறது, ஆட்டம் நடக்கும், உட்கார்ந்து பார்த்தால் போதும். மூளைக்கு வேலை குளிர்காலத்தில்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உருப்படியாக ஒரு ஆட்டம்கூட இருக்காது. ஆனால் யாரை விற்கப் போகிறார்கள், யாரை வாங்கப் போகிறார்கள், அடுத்த வருடம் பேட்டிங் வரிசையில் யார் முதலில் இறங்குவார் என்று தினம் ஒரு வதந்தி கிளம்பும். அவற்றில் எதையும் நான் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதற்காகவே ஒவ்வொன்றையும் தேடிப் படிப்பேன்.

என் தொழிலும் அப்படித்தான். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிற வேலை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எவன் சொன்னாலும் எனக்கு உள்ளே ஒரு மணி அடிக்கும். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் முதலில் தேதியைப் பார்ப்பேன். ஆட்டக்காரர்களை விற்று வாங்குகிற எங்கள் டீமின் ஜெனரல் மேனேஜர் டிவியில் சிரித்தபடி வந்தால் சிரிப்பைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன்.

ஹூஸ்டனுக்கு வந்த முதல் வருடம் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கணவர் காலையில் ஆபீஸ் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். கார் ஓட்டத் தெரியாது, பேச ஆள் கிடையாது. டிவியில் ஆறு மாதம் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் காட்டினார்கள். விதிகள் புரிவதற்கு முன்பே முகங்கள் பழகிவிட்டன. யார் எச்சில் துப்புவார், யார் மட்டையை முத்தமிடுவார், யார் அவுட் ஆனால் ஹெல்மெட்டை எறிவார் என்பதெல்லாம் அத்துப்படி. இந்த ஊரில் எனக்கு முதலில் தெரிந்தவர்கள் அந்த ஒன்பது பேர்தான். இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். அவர் கிரிக்கெட் ஆள். பேஸ்பாலைப் பார்த்து, "என்ன இது, ஃபுல் டாஸா போட்டுட்டு இருக்கான்" என்பதோடு அவருடைய ஆர்வம் முடிந்துவிடும். பதினோரு வருடமாக அதே ஜோக்.

அதனால்தான், போன டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் கேட்ட கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இந்த நியூயார்க் டீம்ல ஷார்ட்ஸ்டாப் எப்படி? நல்லா ஆடுவானா?"

ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர். அது என் கணவருக்குத் தெரியாது என்று சத்தியம் செய்வேன். யாரோ சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. ரசத்தை ஊற்றிக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த நியூயார்க் டீம்? ரெண்டு இருக்கு" என்றேன்.

"ரெண்டுல எது பெட்டர்?"

எனக்கு மணி அடித்தது.

அடுத்த நாட்களில் கவனிக்க ஆரம்பித்தேன். மாலையில் கேட்காமலேயே டீ போட்டுக் கொடுத்தார். நான் பழைய ஆட்டங்களின் வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இவனை ஏன் ஆறாவதா இறக்கறாங்க?" என்று சந்தேகம் கேட்டார். நல்ல கேள்வி வேறு! போன் வந்தால் மட்டும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மனிதர் எதற்காகவோ ஐஸ் வைக்கிறார் என்பது தெரிய பெரிய அறிவு வேண்டியதில்லை. எதற்காக என்பதுதான் தெரியவில்லை. ஆபீசில் பேஸ்பால் பார்க்கும் பெண்மணி யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பாளோ என்றுகூட யோசித்தேன். அப்படி ஒருத்தி இருந்தாலும் அவளுக்கு நியூயார்க் டீம்தான் பிடிக்கும் என்றால் ரசனை கெட்டவள் என்று அவள்மேல் தனியாக ஒரு கோபமும் வந்தது.

சனிக்கிழமை காலையில் ஹில்க்ராஃப்ட் பக்கம் காய்கறி வாங்கப் போவேன். அங்கே ஒரு டிபன் கடையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பழைய ரசிகை. இரண்டு பேரும் வடையைப் பிய்த்துக்கொண்டு டீமைப் பிய்ப்போம். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சண்டை, இடது பக்கம் நிற்கும் மூத்த ஆட்டக்காரரைப் பற்றியது. அவருக்கு வயதாகிவிட்டது, மட்டை சுற்றுவதற்குள் பந்து போய்விடுகிறது, இப்போதே விற்றால் பதிலுக்கு பந்து வீச இரண்டு இளம் பிட்சர்கள் கிடைப்பார்கள் என்பது என் கட்சி.

"அவனுக்கு இஞ்சைதானே வீடு வாசல் எல்லாம் இருக்கு. பிள்ளையள் இஞ்சைதானே பள்ளிக்கூடம் போகுதுகள். எப்பிடி பிள்ளை அவனை அனுப்புறது?" என்பார் ஆன்ட்டி.

"வீடு இருந்தா பேட் வேகமா சுத்துமா ஆன்ட்டி? இது பிசினஸ்."

"உமக்கு நெஞ்சே இல்லை."

ஆனால் ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. ஜெனரல் மேனேஜர் வாயைத் திறந்தால் பொய். 'எல்லா வாய்ப்புகளையும் பரிசீலிக்கிறோம்' என்றால் பேரம் நடக்கிறது. 'அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்றால் பெட்டி கட்டியாயிற்று. 'அப்படி ஒரு பேச்சே இல்லை' என்றால் விமான டிக்கெட் போட்டாயிற்று. இந்த அகராதியை நாங்கள் இருவரும் பல குளிர்காலங்கள் செலவழித்து உருவாக்கியிருந்தோம்.

அன்று ஆன்ட்டியிடம் என் கணவரின் ஷார்ட்ஸ்டாப் கேள்வியைச் சொன்னேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"தேத்தண்ணியும் போட்டுத் தாறாரோ?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்ப கவனம் பிள்ளை."

அன்று சாயங்காலமே மெதுவாகக் கணவரின் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். "என்னங்க, ஆபீஸ்ல ஏதாவது விஷயமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லையே. அப்படி எதுவும் பேச்சே இல்ல" என்றார்.

அகராதியின் கடைசி வரி.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் மகளைத் தமிழ்ப் பள்ளியில் விடப் போயிருந்தார். நான் சாம்பாருக்குப் பருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து மாமியார் கூப்பிட்டார். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். குரலில் நல்ல உற்சாகம்.

"ஏம்மா, ஜோசியர்கிட்ட கேட்டுட்டேன். தை மாசம் முதல் புதன் ரொம்ப நல்லா இருக்காம். அன்னிக்கே காலைல பாலைக் காய்ச்சிடுங்க. அவசரப்பட்டு மார்கழில மட்டும் வீடு மாறிடாதீங்க, சொல்லிட்டேன்."

"எந்த வீட்டுல அத்தை?"

"நியூ ஜெர்சி வீட்டுலதான். பின்ன எங்க?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"அவன் சொல்லலையாம்மா?" மாமியாரின் குரல் சட்டென்று இறங்கியது.

"சொன்னாரே அத்தை. குக்கர் சத்தத்துல சரியா கேக்கல, அதான்" என்றேன். அவமானத்தில் பொய் நன்றாகவே வந்தது. புதுவீட்டில் அடுப்பை எந்தத் திசையில் வைத்துப் பால் காய்ச்ச வேண்டும் என்று அவர் விளக்கினார். எல்லாவற்றுக்கும் சரி அத்தை, சரி அத்தை என்றேன்.

தான் வேறு டீமுக்கு விற்கப்பட்டதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்ட ஆட்டக்காரர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒருவர் முடி வெட்டிக்கொண்டிருந்தாராம். இன்னொருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் யாரோ கைகுலுக்கி வாழ்த்து சொன்னார்களாம். அப்படிப்பட்ட செய்திகளை டீ குடித்தபடி படித்துவிட்டு, டீம் ஆபீஸிலிருந்து முதலில் போன் பண்ணியிருக்கலாம், பரவாயில்லை, பிசினஸ் இது என்று சொல்லியிருக்கிறேன். அன்று பாதி வெந்த பருப்பின் முன்னால் நின்றபோது எவனாவது என்னிடம் வந்து பிசினஸ் என்று சொல்லியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

கோபத்தில் எல்லாம் பொருந்தி வந்தது. பெரிய பதவி கொடுத்திருப்பார்கள். சம்பளத்தைக் கூட்டியிருப்பார்கள். வாயைப் பிளந்துகொண்டு சரி என்றிருப்பார். அம்மாவிடம் சொல்லி நாள் பார்த்தாயிற்று. மகளின் பள்ளி, என் வேலை, ஆன்ட்டி, அந்த மைதானம், எதைப் பற்றியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்கா வந்தபோதும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த வேகத்தில் டிக்கெட்தான் காட்டினார். இந்தத் தடவை டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு ஷார்ட்ஸ்டாப்பைக் காட்டி என்னை ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார், யாருக்குக் காது குத்துகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கார் வந்த சத்தம் கேட்டதும் கராஜுக்கே போனேன். அவர் பின்பக்கத்திலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"தை முதல் புதன்கிழமை பால் காய்ச்சணுமாம்" என்றேன்.

மூட்டையைக் கீழே வைத்தார். அதன்மேலேயே உட்கார்ந்தார். அரிசி மூட்டைமேல் உட்காரக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர் அம்மாதான். அதைக்கூட மறந்துவிட்டார் என்றால் விஷயம் பெரிது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எவ்வளவு பெரிய ப்ரமோஷன்?" என்று கேட்டேன். குத்த வேண்டும் என்றே கேட்டேன்.

"ப்ரமோஷனா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இங்க எங்க டீமையே க்ளோஸ் பண்றாங்க. நியூ ஜெர்சில பிளெய்ன்ஸ்பரோ ஆபீஸுக்கு வர்றியா, இல்ல ரிலீவ் ஆகிறியான்னு கேட்டாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள சொல்லணும்."

ரிலீவ் ஆனால் என்ன என்று நான் கேட்கவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற எந்த வீட்டிலும் அதைக் கேட்க மாட்டார்கள். வேலை போனால் சில வாரங்களுக்குள் இன்னொரு வேலை பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நானும் மகளும் சேர்ந்துதான் மூட்டை கட்ட வேண்டும். என் வேலை அனுமதியும் அவருடைய விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளாக நான் ஜெனரல் மேனேஜரைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தேன். பிடிபட்டவரோ விற்கப்பட்ட ஆட்டக்காரர்.

"என்கிட்ட ஏன் முதல்ல சொல்லல?" இப்போது என் குரலில் பாதிக் கோபம்தான் இருந்தது. "அத்தைகிட்ட மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

"அம்மாகிட்ட சொன்னா நாள் பாப்பாங்க. அவ்வளவுதான். உன்கிட்ட சொன்னா உன் முகத்தைப் பாக்கணும்."

நான் காரின் பின்கதவைச் சாத்தினேன்.

"டல்லாஸ், ரவுண்ட் ராக், எல்லா எடத்துலயும் அப்ளை பண்ணிப் பாத்தேன். டெக்ஸாஸ்லயே இருந்தா இந்த டீம் மேட்சாவது உனக்கு டிவியில வரும்னு. ஒண்ணும் நடக்கல." அவர் கையில் ஒட்டியிருந்த சாக்கு நாரைப் பிய்த்துக்கொண்டே பேசினார். "அங்க ஒரு டீம் இருந்தா உனக்குக் கொஞ்சம் கஷ்டம் இல்லாம இருக்குமேன்னு நெனச்சேன். பக்கத்துலயே நியூயார்க்ல ரெண்டு டீம் இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எதுல நல்ல பசங்க இருக்காங்கன்னு லஞ்ச் டைம்ல வீடியோ போட்டுப் பாத்தேன். எனக்கு ஒரு எழவும் புரியல. அதான் உன்கிட்டயே கேட்டேன்."

வேலை போகப் போகிற மனிதர், மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, ஒரு விதியும் தெரியாத விளையாட்டில் எனக்காக ஒரு ஷார்ட்ஸ்டாப்பைத் தேடியிருக்கிறார். எத்தனையோ விதமாக அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் பயந்துபோயிருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர்மேல் வந்த பாசத்தைவிட, இவ்வளவையும் தனியாகச் சுமந்துகொண்டு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாரே என்ற ஆத்திரம்தான் அதிகம். இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

"நீ வருவியா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பழக்கதோஷம், அதிலும் ஏதாவது பூசி மெழுகல் இருக்கிறதா என்று என் காது தேடியது. எதுவும் இல்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் என் பதில் தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

"வரேன்" என்றேன். "ஆனா டீமை மாத்த மாட்டேன். அந்த நியூயார்க் ஷார்ட்ஸ்டாப் டிவியில நடிக்கத்தான் லாயக்கு. பந்து எடது பக்கம் வந்தா குனியவே மாட்டான்."

"அப்படியா?" என்றார் அவர், நிஜமாகவே கவலைப்பட்டு. "நான் பாத்த வீடியோல நல்லாத்தான் குனிஞ்சான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. நானும் போய் அந்த மூட்டையிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கராஜ் கதவு திறந்தே கிடந்தது, எதிர்வீட்டுக்காரர் நாயோடு கடந்துபோனார், கையை ஆட்டினார், நாங்களும் ஆட்டினோம். முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது யார் என்று கேட்டால் அவர் என்னைத்தான் கைகாட்டுவார். நம்பாதீர்கள்.