அண்ணா வைத்திருந்த அயர்லாந்துக் காசு

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, எல்லாருக்கும் தெரிந்த அண்ணாவை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் நினைத்தேன். பாடசாலை பஸ் ஓட்டிய அண்ணா, ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருந்த வீட்டின் பின்வளவில் குளிர் வருமட்டும் பாகற்காய் பறித்து எல்லாருக்கும் பங்கிட்ட அண்ணா. ஆனால் அண்ணி, “அந்தக் காசின்ரை கதையையும் எழுதுங்கோ மச்சாள், அதை விட்டால் அவரை எழுதினதாகாது” என்றார். அது இன்னொருவருடைய கதையும் ஆகையால் அவருடைய தாயாரிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுது பிள்ளை. உந்தப் புத்தகம் லண்டன், பாரிஸ் எல்லாம் போகும்தானே. ஆராவது வாசிப்பினம்” என்றார்.

அண்ணா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளை, ஒரே ஆண்பிள்ளை. அவருக்குப் பின்னால் நாங்கள் மூன்று தங்கைகள், நான் கடைசி. கணக்கில் கெட்டிக்காரர். பொறியியல் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு இருந்தவர். ஆனால் இளம் பெடியன்களை இராணுவம் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. ஒருமுறை அண்ணாவையும் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டார்கள். அவர் திரும்பி வந்த அன்றே அப்பா வயற்காணியை வாங்க ஆள் தேடத் தொடங்கிவிட்டார். எண்பதுகளின் பிற்பகுதியில், காணி விற்ற பணத்தோடு அண்ணா கொழும்புக்குப் போய், ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி விமானம் ஏறினார். போக வேண்டிய இடம் கனடா. எரிபொருள் நிரப்ப வழியில் தரித்த விமானத்திலிருந்து ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடம் அயர்லாந்து.

டப்ளின் நகரில் ஒரு மேல்மாடி அறையில் ஏஜென்சியின் ஆட்கள் அவரை விட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். காரைநகரைச் சேர்ந்த ரஞ்சன். அண்ணாவின் வயதுதான். ஒரு குளிர்காலம் முழுவதும் இருவரும் அந்த அறையில் ஒரே போர்வையைப் போர்த்துக்கொண்டு கிடந்தார்கள். ரஞ்சன் கெட்டிக்காரர், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் கோப்பை கழுவும் வேலையைத் தேடிப் பிடித்து, கிடைத்த காசை ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தார். தகப்பன் இல்லாத வீடு. ஊரில் தாய் அவரை நம்பியே இருந்தார்.

வசந்தம் தொடங்கிய ஒரு பின்னேரம் ஏஜென்சிக்காரன் வந்தான். கப்பலேறப் போகும் ஒரு லொறியில் ஒருவருக்கு இடம் இருக்கிறது, முதலில் வந்த ரஞ்சன்தான் போக வேண்டும், கையில் எதுவும் இருக்கக்கூடாது, லொறிக்காரர்கள் சோதித்துப் பறித்துவிடுவார்கள் என்றான். ரஞ்சன் தன் காசை அண்ணாவிடம் கொடுத்தார். சில்லறையையாவது ரெலிபோனுக்கு வைத்துக்கொள் என்று அண்ணா சொல்லியிருக்கிறார். லொறிக்குள் அது சத்தம் போடும் என்று ரஞ்சன் அதையும் கொடுத்துவிட்டு, “ரொறன்ரோவில உன்னட்டை வாங்கிறன்” என்று சொல்லிப் படியிறங்கினார்.

அண்ணா அதற்குச் சில மாதங்கள் கழித்து வேறொருவரின் கடவுச்சீட்டில் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். வந்த கையோடு காரைநகர் ஆட்களிடம் விசாரித்து, ஸ்காபரோவில் மணமுடித்து வந்திருந்த ரஞ்சனின் தமக்கையைக் கண்டுபிடித்துப் போனார். தம்பி வந்துவிட்டாரா என்று கேட்கத்தான் போனார். கதவைத் திறந்த அந்த அக்கா, யார் என்று தெரிந்ததும் இவரிடம் அதையே கேட்டார்.

அந்த வாசலில் நின்று அண்ணா ஒரு பொய் சொன்னார். ரஞ்சன் புறப்பட்டபோது தான் வேலைக்குப் போயிருந்ததாகச் சொன்னார். காசைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், ரஞ்சன் வெறுங்கையோடு போனது அவர்களுக்குத் தெரிந்துவிடும். பசித்தால் ஒரு பாண் வாங்கவோ, ஆபத்தென்றால் ஒரு ரெலிபோன் எடுக்கவோ வழியில்லாமல் போனார் என்பது தெரிந்துவிடும். ஆள் எப்படியும் வந்துவிடுவார், வந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று அண்ணா நினைத்திருக்கிறார்.

ரஞ்சன் வரவில்லை. கப்பல் ஏறினாரா, எந்த நாட்டில் இறங்கினார், யாருக்கும் தெரியாது. அந்த ஏஜென்சிக்காரனையும் பிறகு எவரும் காணவில்லை.

அதன் பிறகான அண்ணாவின் வாழ்க்கையை நீங்கள் அறிவீர்கள். பேக்கரி ஒன்றில் மாவு மூட்டை தூக்கினார். எங்கள் மூவரையும், பின்னர் அப்பா அம்மாவையும் ஸ்பொன்சர் செய்து அழைத்தார். எங்களை ஒவ்வொருவராகக் கரை சேர்த்த பிறகே தான் மணம் செய்தார். ரூஜில் வீடு வாங்கினார். ரஞ்சனின் தாயார் கனடா வந்து ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில் மகளோடு தங்கியபின், வெள்ளிக்கிழமைகளில் அவரை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப் போவது அண்ணாவின் வேலையாயிற்று. பெற்ற பிள்ளையும் இப்படிச் செய்யாது என்று ஆட்கள் புகழ்ந்தால் அண்ணாவின் முகம் கறுத்துவிடும். அடக்கம் என்று நினைத்தோம்.

வேறு சிலவற்றையும் நாங்கள் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டோம். தமிழ்க் கடைகளிலும் கலியாண மண்டபங்களிலும் அண்ணா ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார். பஸ் தரிப்பில் யாராவது ரஞ்சனைப்போல் ஒரு தோளைச் சரித்து நின்றால் காரை மெதுவாக்குவார். ஒருமுறை மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவர், பைகளை என் கையில் தந்துவிட்டு ஓர் ஆளின் பின்னால் போனார். அந்த ஆள் கார்க் கதவைத் திறந்து திரும்பிப் பார்த்ததும், மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார். நான் கவனித்த ஒன்று: முதலில் இளைஞர்களைப் பார்த்தவர், காலம் போகப் போக நரைத்த தலைகளைப் பார்க்கத் தொடங்கினார். தன் முகத்துக்கு வயது ஏற ஏற அந்த முகத்துக்கும் ஏற்றிக்கொண்டு தேடியிருக்கிறார்.

காசு அவருடைய அலுமாரி லாச்சியில் தடித்த உறை ஒன்றில் இருந்தது. லாச்சியை இழுத்தால் சில்லறை சரியும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணா செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அப்படியே நிற்பார் என்று அண்ணி சொல்வார். வெளிநாட்டில் தரித்தபோது மிஞ்சிய காசு, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன் என்றுதான் அவரிடமும் சொல்லியிருந்தார்.

ஈரலில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொல்லிச் சில வாரங்களில் அண்ணா என்னை அழைத்து, நகரத்துக்குள் பழைய நாணயம் வாங்கி விற்கும் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். தான் போவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிறார் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்குப் பிடித்தும், உருப்பெருக்கிக் கண்ணாடியால் மடிப்புகளைப் பார்த்தும் ஆறுதலாக விளக்கினார். பச்சை நிற ஒரு பவுண்ட் தாளில் ஒரு பழங்கால அரசியின் முகம் இருந்தது. மடிக்காத, கை படாத தாள் என்றால் சேகரிப்போர் நல்ல விலை கொடுப்பார்களாம். இவை பலமுறை மடித்தவை. நாணயங்களில் ஒன்றில் மீன், ஒன்றில் எருது, ஒன்றில் குதிரை. பார்க்க அழகு, ஆனால் சாதாரணமானவை, பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கும் என்றார்.

அண்ணா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு அது நிம்மதியாக இருந்ததுபோல் தெரிந்தது. அயர்லாந்து யூரோவுக்கு மாறியபோதே இவை செல்லாமல் போய்விட்டனதானே, இப்போது வெறும் கடதாசிதானே என்று உறுதிப்படுத்துவதுபோல் கேட்டார்.

அப்படி இல்லை என்றார் கடைக்காரர். கடையில் செல்லாதே தவிர, டப்ளினில் உள்ள மத்திய வங்கி இன்றைக்கும் இவற்றை வாங்கிக்கொண்டு யூரோ கொடுக்கும். அதற்கு முடிவு நாள் என்று ஒன்று இல்லை. எத்தனை காலம் கழித்துக் கொண்டுபோனாலும் முழுப் பெறுமதி உண்டு. எனவே என்னிடம் விற்காமல் அங்கே அனுப்புங்கள் என்று நேர்மையாகச் சொன்னார்.

வெளியே வந்து காரில் ஏறியும் அண்ணா பெல்ற்றைப் போடாமல் இருந்தார். உறை மடியில் இருந்தது.

“அது செத்துப்போச்செண்டு நினைச்சிருந்தன்” என்றார்.

பிறகுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். இதுவரை நான் எழுதியதில் பாதி அன்று அந்தக் காருக்குள் கேட்டது. யூரோ வந்த செய்தியைப் பார்த்த அன்று தனக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது என்றார். கொடுக்க வேண்டிய காசு இனி உலகத்தில் இல்லை என்று நம்பியிருக்கிறார். முடித்துவிட்டு, “அம்மாட்டைப் போவம்” என்றார். நாங்கள் நேரே மில்லிக்கனுக்குப் போனோம்.

ரஞ்சனின் தாயார் யன்னலோரக் கதிரையில் இருந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது, ஆனால் காதும் நினைவும் தெளிவு. அண்ணா அவருக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்து, உறையைப் பிரித்துத் தாள்களையும் நாணயங்களையும் அவர் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னார். நான் கதவடியில் நின்றேன்.

அவர் மீன் போட்ட நாணயத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அண்ணா இத்தனை காலமும் எதற்குப் பயந்தாரோ அதையே கேட்டார்.

“அப்ப அவன் வெறுங்கையோடையே போனவன்?”

“ஓம் அம்மா.”

“நீ பக்கத்தில நிண்டனி?”

“நிண்டனான். வேலையில எண்டு சொன்னது பொய்.”

அவர் அழவில்லை. அண்ணாவை ஏசவும் இல்லை.

“சாப்பிட்டிட்டே போனவன்?”

“ஓம். பாணும் முட்டைப்பொரியலும். நான்தான் பொரிச்சுக் குடுத்தனான்.”

அதன் பிறகு அந்தத் தாய் கேட்கத் தொடங்கினார். என்ன சேட்டுப் போட்டிருந்தான், காலில் என்ன, சீப்பால் தலை இழுத்தானா, இருமல் இருந்ததா, படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தானா. அண்ணா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஒருமுறைகூட “தெரியாது” என்று சொல்லவில்லை. மகள் வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுத் தந்தும் கேள்விகள் முடியவில்லை. அந்தப் பொய்யால், கடைசியாகப் பார்த்தவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்க முடியாமலே அவர் இருந்திருக்கிறார்.

புறப்படும்போது காசை உறைக்குள் போட்டு அண்ணாவின் கையில் திருப்பி வைத்தார்.

“உன்னட்டைத்தானே தந்தவன் தம்பி. நீயே வைச்சிரு. வந்தால் உன்னட்டைத்தான் கேப்பான்.”

தன் நோயைப் பற்றி அண்ணா அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. “ஓம் அம்மா” என்று வாங்கிக்கொண்டார்.

கடைசி நாட்களில் அண்ணா வீட்டிலேயே இருந்தார். வலி மருந்தின் மயக்கத்திலும், வாசல் மணி அடித்தால் கண்ணைத் திறந்து யார் என்று கேட்பார். பெயரைச் சொன்னதும் மூடிக்கொள்வார். இலைகள் கொட்டி முடிந்த ஒரு காலையில், அண்ணியும் பிள்ளைகளும் நாங்களும் சூழ்ந்திருக்க அவருடைய மூச்சு அடங்கியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை ஏரிக்கரையில் நடந்தது. கடும் காற்று. ரஞ்சனின் தாயாரைச் சக்கர நாற்காலியில் போர்வை சுற்றிக் கூட்டி வந்திருந்தார்கள். ஐயர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது ரஞ்சனின் தமக்கை என்னிடம் வந்து, இதோடு தம்பிக்கும் செய்துவிடலாமா, இனியாவது அவனை வழியனுப்புவோமே என்று கேட்டார். ஐயரும் செய்யலாம், பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் தாயைப் பார்த்தோம்.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவனுக்கு வேண்டாம். இவனுக்கு மட்டும் செய்யுங்கோ. இவன் போய்ப் பாக்கட்டும். அவன் அங்கை இருந்தால் இவன் என்ரை கனவில வந்து சொல்லட்டும். பிறகு செய்வம்.”

ஐயர் அண்ணாவின் பெயரை மட்டும் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார்.

அண்ணாவின் நோய்க்காலத்தில் அன்போடு கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வாசலில் பனி தள்ளித் தந்த ரூஜ் அயலவர்களுக்கும், முறை வைத்து உணவு கொண்டுவந்த உறவினர்களுக்கும், தங்கள் பஸ்களை வீதியோரம் வரிசையாக நிறுத்தி விடைகொடுத்த சக சாரதிகளுக்கும், கடல் கடந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்த நாணயக் கடைக்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் உண்மை சொல்லாமல் அந்தக் காசைச் சும்மா வாங்கி வைத்திருந்தால், அண்ணா தன் வாயைத் திறந்திருக்க மாட்டார். அண்ணாவின் மகன், டப்ளினுக்கு அனுப்பி யூரோவாக மாற்றி ஏதாவது தர்மத்துக்குக் கொடுப்போமா என்று கேட்டான். நல்ல எண்ணந்தான். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காசு அதே லாச்சியில் இருக்கிறது.

எல்லாருக்கும் மேலாக ரஞ்சனின் அம்மாவுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். அண்ணா போனபின் ஒவ்வொரு காலையும் நான் அவருக்குத் தொலைபேசி எடுக்கிறேன். கனவைப் பற்றி நான் கேட்பதில்லை. சாப்பாடு, மருந்துக் குளிசை, குளிர் எல்லாம் பேசி முடிந்தபிறகு அவராகவே சொல்வார். இதை எழுதி முடிக்கும் இன்றைக்கும் சொன்னார்.

“இல்லைப் பிள்ளை. இன்னும் வரேல்லை.”