விஜேந்திரனுக்கு வந்த அருள்

மற்றவர்களுக்கு நாளை தெரியப்போவது ஒருவருக்கு இன்றே தெரிந்துவிட்டால், அது அவருக்கு வரமா, சுமையா? இலங்கையில், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த விஜேந்திரனைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றும்.

தொழிற்சாலையில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வாசிப்பார். யாராவது பேசத் தொடங்கினால் முடிவைக் கண்டுபிடித்துத் தானே சொல்லிவிடுவார். அது அறிவுதான்; நல்ல குணம் என்று சொல்ல முடியாது. திருவிழாவில் ஒருவருக்கு அருள் வந்தால், "பசிச்சா சாமி தானா மலையேறிரும்" என்பார்.

போன வருஷம் தை மாதம், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி மூன்றாம் நாள். மழை விடவேயில்லை. லயத்துக்கு மேலே மண் வெடித்திருந்தது. காலையில் அந்த வெடிப்பில் விஜேந்திரனின் விரல் நுழைந்தது. பின்னேரம் கையே நுழைந்தது. லயத்துப் பதினாறு குடும்பங்களும் அன்றைக்கே ஆற்றுக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். ஒருவரும் அசையவில்லை. காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது.

"நீ மூளக்காரன், நீ போ விஜேந்திரா. அம்மாவ விட்டுட்டு நாங்க எங்க போறது?" என்றார் கோயில் தலைவர் சண்முகராஜா.

"மண்ணு காப்பப் பாத்துட்டுத்தான் எறங்குமா, மாமா?"

"இந்த வாய்க்குத்தான் இவரு பேச்ச ஒருத்தரும் கேக்குறதில்ல" என்றாள் பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி. எல்லாரும் சிரித்தார்கள்.

மாலைப் பூசையில் உடுக்கை ஒலித்தபோது விஜேந்திரன் நடுங்கினார். கண்கள் மேலே செருகின. "எனக்கு இங்க மூச்சு முட்டுதுடா! என்னைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் எறங்குங்கடா!"

மங்களேஸ்வரி கைகூப்பிவிட்டாள். சண்முகராஜா அம்மன் கரகத்தைத் தலையில் ஏற்றினார். அம்மனே எல்லை தாண்டும்போது யார் நிற்பார்கள்? கரகத்தின் பின்னால் பிள்ளைகளும் பாத்திரங்களும் ஆடுகளும் இறங்கின.

மறுநாள் காலை மேடு சரிந்தது. ஐந்து வீடுகள் மண்ணுக்குள் போயின, மங்களேஸ்வரியின் வீடும். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவர் சொன்ன காரணங்கள் ஒருவரையும் நகர்த்தவில்லை. எது நகர்த்தும் என்று கண்டுபிடித்தது அதே அறிவுதானா, அல்லது வேறொன்றா? மனைவி கிருஷாந்தி கேட்டுப் பார்த்தாள்.

"என்கிட்டயாவது சொல்லுங்க. நடிச்சீங்களா?"

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் இருவர் தேங்காய் பழத்தோடு லயத்தார் தங்கியிருந்த பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். அம்மனிடம் குறி கேட்க வேண்டுமாம். "அதெல்லாம் ஒன்னுமில்ல தாயி" என்று சொல்லியிருந்தால், அவர் பழைய விஜேந்திரனாகவே இருந்திருக்கலாம். அவர் உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்து, அவர்களை உட்காரச் சொன்னார்.