பால் கவனம்

எண்பதுகளின் நடுவில், தமிழரும் சீனரும் கலந்து வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பேன். என் வாய் நல்ல வாய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணப்பெண் சிரிக்காவிட்டால் மேடையிலேயே ஏசுவேன். மாப்பிள்ளை சொன்னபடி திரும்பாவிட்டால் தாடையைப் பிடித்துத் திருப்புவேன். "உன் படத்துக்காகத்தான்டா உன்னை வெச்சிருக்கேன், வாய்க்காக இல்ல" என்பார் முதலாளி.

ஒரு வியாழக்கிழமை மதியம், அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். வெளிர்நீலப் பருத்திப் புடவை, கையில் மடித்த குடை. வாயைத் திறந்ததுமே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு செடி பூத்திருக்கிறது, அதைக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் பெரிய படமாகப் போட்டுத் தர வேண்டும் என்றார்.

"பூவா? யாருக்குக் கல்யாணம் ஆன்டி?"

"கலியாணம் இல்லைத் தம்பி, பூ மட்டும்தான்."

முதலாளி என்னைப் போகச் சொன்னார். எனக்கு எரிச்சல். காரணம் பூ மட்டும் இல்லை. என் அப்பா கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பால் வெட்டியவர். அங்கே கணக்கெழுதி ஆட்களை ஏவிய கிராணி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முன்னால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அந்தத் தமிழைக் கேட்டாலே யாரோ என்னை வேலை ஏவுகிற மாதிரி இருக்கும். எந்த ஊரிலோ ஒரு கிராணி செய்ததற்கு இந்த அம்மாள் என்ன செய்வார்? அந்த அறிவெல்லாம் அன்று எனக்கு இல்லை.

வீடு இரண்டு சந்து தள்ளி. சமையலறைக் கதவுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் ஒரு தொட்டி. சீனர் வீட்டு வாசல்களில் பார்த்திருப்பீர்கள். கள்ளி மாதிரித் தடித்த தண்டு, உடம்பு முழுக்க முள், உச்சியில் கொத்தாகச் சின்னச் சின்னப் பூ. இந்தச் செடியில் ஒரே ஒரு கொத்து. அதுவும் ஓர் இருபது காசு நாணயத்தின் அகலம்தான்.

"இதுக்கா ஆன்டி என்னைக் கூப்பிட்டீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. விஷயத்தைச் சொன்னார். அவர் கணவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கூட வேலை செய்த சீன நண்பர் கொடுத்த விதையைப் போட்டு, இரண்டு வருடம் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து வளர்த்திருக்கிறார். செடி பூக்கிற நேரம் அவர் ஆஸ்பத்திரியில். வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை அறுவை. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. தாய்ச்செடியின் பூ சிவப்பு. இது மஞ்சளாகப் பூத்து ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. அம்மாள் போய்ச் சொன்னால் கணவர் நம்பவில்லை.

"நான் எப்பவும் ஆறுதலுக்குப் பொய் சொல்லுறனானாம். படத்தைக் கண்டால் வாயை மூடுவார்."

"பறிச்சிட்டுப் போய்க் காட்டிடுங்களேன்."

"ஐயோ, முதல் பூவெல்லோ! பறிச்சனெண்டால் என்னைப் பிடிச்சுத் தின்னுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. தாலியையும் மோதிரத்தையும் கிட்டப்போய் எடுப்பதற்கு லென்ஸ் முன்னால் மாட்டுகிற கண்ணாடி ஒன்று என்னிடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். அவ்வளவு கிட்டத்தில் மூச்சு விட்டாலே படம் கலங்கும். முள் தெளிந்தால் பூ மங்கும், பூ தெளிந்தால் முள் மறைக்கும். நான்கு மணி வெயில் முதுகில் காய்ந்தது. இரண்டு படம் எடுத்தேன். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. செடி கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் தேவலை என்று இருந்தது.

அந்த நேரம் வாசலில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டது. அம்மாள் உள்ளே எனக்குத் தேநீர் போட அடுப்பில் பால் வைத்திருந்தார். முன்வாசலுக்குப் போகிற போக்கில், "தம்பி, பால் கவனம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. படம் எடுக்க வந்தவனை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாரா? நான் என்ன இவர் வீட்டு வேலைக்காரனா? எழுந்து உள்ளே போனேன். பால் இன்னும் பொங்கக்கூட இல்லை. அடுப்பைப் படாரென்று அணைத்துவிட்டு வந்து, அதே கோபத்தில், மாப்பிள்ளை தாடையைப் பிடிக்கிற மாதிரிச் செடியின் தலையைப் பிடித்துத் திருப்பினேன்.

முள் ஏறியது. கையை வெடுக்கென்று இழுத்தேன். தண்டின் உச்சி பூவோடு முறிந்து விழுந்தது. முறிந்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் என் விரலெல்லாம் வழிந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்க, யோசிக்காமல் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன்.

மிளகாயை அரைத்துக் கண்ணுக்குள் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. நான் போட்ட கத்தலில் அம்மாள் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பால் கவனம் எண்டு சொன்னனானெல்லோ தம்பி!"

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் தமிழில் 'கவனம்' என்றால் 'பார்த்து, ஜாக்கிரதை' என்று பொருள். அவர் சொன்ன பால் அடுப்புப் பால் இல்லை, செடிப் பால். இது புரியாமல் போக நான் பட்டணத்துப் பிள்ளையும் இல்லை. பால் என்றாலே மரத்துப் பால் என்று வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை. அப்படிப்பட்ட எனக்கு அடுப்புதான் நினைவுக்கு வந்தது என்றால், அவர் என்னை ஏவுகிறார் என்று நம்ப நான் ஆசைப்பட்டிருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

என் பிடரியைப் பிடித்துத் துணி துவைக்கிற குழாயடிக்கு இழுத்துப்போய்த் தலையைச் சாய்த்து, இமையை இரண்டு விரலால் விரித்து, தண்ணீரைத் திறந்துவிட்டார். அந்த ஒல்லி உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. நான் திமிறினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவரைச் சொன்னேன், அவர் ஊரைச் சொன்னேன், இங்கே எழுத முடியாததும் சொன்னேன்.

"ஏசுங்கோ தம்பி, நல்லா ஏசுங்கோ. கண்ணை மட்டும் மூடாதேங்கோ."

அரைமணி நேரம் இருக்கும். இமையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நான் ஏசி ஓய்ந்து அழ ஆரம்பித்த பிறகுதான் டாக்சி பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவினார்கள். சொட்டு மருந்து விட்டு, அந்தக் கண்ணைக் கட்டினார்கள். மற்றக் கண்ணும் கூடவே கலங்கித் திறக்க முடியவில்லை. உடனே கழுவியதால் தப்பித்தாய், விட்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மறுபடி காட்டிவிட்டுப் போகச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மாள்.

"ஆன்டி, பூ?" என்று கேட்டேன்.

"நீங்கள் திமிறின திமிறிலை காலுக்கை நசிஞ்சு போட்டுது. அது கிடக்கட்டும்."

எங்கேயோ மணி அடித்தது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. "என்னம்மா, இன்னைக்கு அஞ்சு மணிக்கு மேல வரலியா? ஐயா கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்று அந்த வழியாகப் போன நர்ஸ் ஒருவர் அம்மாளிடம் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கணவர் இதே ஆஸ்பத்திரியில்தான், மேல்மாடியில் இருக்கிறார். தினமும் ஐந்து மணிக்கு அம்மாள் அங்கே போய் உட்காருவார். இன்று போகவில்லை. என்னோடு இருக்கிறார்.

"என்னா ஆன்டி நீங்க! மேல போயிருக்கலாம்லா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று அப்போதும் கோபமாகத்தான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

"அவர் என்னை நாப்பது வருசமாப் பாக்கிறார். ஒரு நாள் பாக்காட்டில் ஒண்டும் குறையாது."

சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. கண் தெரியாததால் எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

மறுநாள் ஒற்றைக் கண்ணோடு நானே பிலிமை எடுத்துக்கொண்டு போய் படம் கழுவுகிற லேப்காரன் பக்கத்திலேயே நின்றேன். முதல் படத்தில் முள் மட்டும் தெளிவு. பூ மஞ்சள் புகை மாதிரி. இரண்டாவது வந்திருந்தது. மஞ்சள் இதழ், ஓரத்தில் மையால் கீறிய மாதிரிச் சிவப்புக் கோடு. நான் எடுத்த ஆயிரம் மணப்பெண்களில் ஒருத்திகூட அப்படி நின்றதில்லை. எட்டுக்குப் பத்து அளவில் போடச் சொல்லி, சனிக்கிழமை மாலை கையில் வாங்கினேன்.

ஞாயிறு மாலை வார்டுக்குப் போனேன். அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடியோடு. படத்தை நீட்டினேன். அவர் அதை மூக்குக்குக் கிட்ட வைத்து வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவினார்.

"மஞ்சள்தான். உண்மையாத்தான் சொல்லியிருக்கிறாய்" என்றார் மனைவியிடம். பிறகு, "இப்பவும் நிக்குதோ?" என்றார்.

"நிக்குது, நிக்குது" என்றார் அம்மாள், ஆரஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "இல்ல அங்கிள். நான் உடைச்சிட்டேன். காலால மிதிச்சும் போட்டேன்."

அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது! பூவை உடைத்தபோது ஏசாதவர், ஊரைச் சேர்த்துத் திட்டியபோது ஏசாதவர், இப்போது பொரிந்து தள்ளினார். இதுவரை 'நீங்கள்' என்று பேசியவருக்கு நான் 'நீர்' ஆகிவிட்டேன்.

"உமக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ? நாளைக்கு ஒப்பரேசனுக்குப் போற மனுசன்!"

கட்டிலில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்திருக்கும், ஆனாலும் சிரித்தார். "பாத்தியே, பொய் சொல்லுறனீ எண்டு நான் சொன்னனானெல்லோ!" என்று ஜெயித்தவர் மாதிரி மனைவியைப் பார்த்தார். பிறகு என் கட்டுப்போட்ட கண்ணைக் காட்டி, "தம்பி, எது கூடக் குத்தினது? முள்ளோ, இவவின்ரை வாயோ?" என்றார்.

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அங்கே வேலை இல்லை என்று பட்டது. நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை முழுக்க ஸ்டூடியோவில் நான் யாரையும் ஏசவில்லை. உடம்பு சரியில்லையா என்று முதலாளி கேட்டார். மாலையில் அம்மாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கடைக்குப் பேசினார். நல்லபடியாக முடிந்துவிட்டது என்றார். மூன்று வாரத்தில் அவர் கணவர் வீடு திரும்பினார். அதன் பிறகு பல வருடம் இருந்தார்.

என் கண்ணும் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் என்னை விடவில்லை. அந்த வியாழக்கிழமை, அறுவைக்கு முன்னால் அவர்களுக்கு மிச்சம் இருந்தது நான்கு மாலை. முடிவு எப்படியும் ஆகலாம் என்று தெரிந்த அம்மாள், அதில் ஒன்றை, தன்னைத் திட்டிய, தன் பூவை மிதித்த ஒரு முரடனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கழித்தார். நான் இன்றும் கோபக்காரன்தான். ஆனால் யாராவது என்னைப் பார்த்துக் கத்தும்போது, பதிலுக்குக் கத்துவதற்கு முன் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்கப் பழகியிருக்கிறேன், எல்லா நாளும் முடிவதில்லை என்றாலும்.