அந்த வண்டியின் டர்போ போகவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். பேனாவை எடுத்தால் அக்காவின் முகம் கண்முன் வரும், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் நெல் சாகுபடி, வீட்டில் மனைவி மக்கள், காலையில் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கோபத்தோடு எதையும் எழுதிவிடக் கூடாது, அதைக் கொஞ்சம் தணித்துக் கொடு தாயே என்று அம்மனிடம் வேண்டிப் பார்த்தேன். தணியவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதுகிறேன்.

என் அக்காவைக் கட்டியவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அக்காவோடு அங்கேதான் இருக்கிறார், விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவார். எங்கள் பக்கம் இவர்களை ‘சொல்தா’ என்போம். அத்தானுக்குக் கார் பைத்தியம். பெங்களூரில் யாரோ ஒருவர் வைத்திருந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். இரண்டே பேர் வசதியாக உட்காரலாம், தரையோடு தரையாக இருக்கும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் பிஸ்டனே கிடையாது, முக்கோணம் மாதிரி ஒன்று உள்ளே சுற்றும். ரோட்டரி எஞ்சின் என்றார். அதோடு இரண்டு டர்போ. புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம்தான் டர்போ. மெதுவாகப் போகும்போது ஒன்று மட்டும் வேலை செய்யும். எஞ்சின் நன்றாகச் சுற்றி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற முள் மேலே ஏறிய பிறகுதான் இரண்டாவது சேரும்.

வண்டி எங்கள் நெல் கொட்டகையில் நின்றது. வாரம் ஒருமுறை எடுத்து, பூவம் வரை ஓட்டித் திரும்ப வேண்டிய பொறுப்பு என் தம்பியுடையது. அவனுக்கு அத்தான் போட்ட உத்தரவு ஒன்றுதான்.

“மாப்ள, முள்ளு மூவாயிரத்தத் தாண்டக் கூடாது. தாண்டுச்சி, நான் அங்கேருந்தே மோப்பம் புடிச்சிருவேன்.”

“தாண்டாது அத்தான். மாட்டு வண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லி ஆரன் அடிக்கிறான், அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க” என்றான் தம்பி. அப்போது அத்தானும் சிரித்தார்.

அந்தத் தை மாதம் அத்தான் மட்டும் வந்திருந்தார். தம்பிக்குப் பூவத்தில் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தோம், பூ வைக்கிற நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. வந்த மறுநாளே அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் திரும்பியவர் கதவை அடித்துச் சாத்திய சத்தத்தில் கொட்டகைப் புறாவெல்லாம் பறந்தது.

“இழுக்கல! பாதி வரைக்கும் நல்லாப் போவுது, அப்பறம் பின்னால யாரோ கட்டி இழுக்குற மாதிரி செத்துப் போவுது!”

காரைக்காலில் இருந்து மெக்கானிக் பாயை அழைத்து வந்தோம். பானெட்டைத் திறந்தார், ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சைலன்சரில் நீலமாகக் கொஞ்சம் புகை வந்தது. பாய் தாடியைத் தடவினார்.

“எண்ண எரியிது. இழுவையும் இல்லங்கிறீங்க. டர்போ போச்சிங்க. ரொம்ப விரட்டி ஓட்டுனா இப்புடி ஆவும்.”

பாயின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மாதிரி எஞ்சினை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார், அதையும் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். என் கோபம் அதற்கப்புறம் நடந்ததன் மேல்.

அத்தான் தெருவில் நின்று கத்தினார். அறுவடைக்குப் போகிற பெண்கள், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள்.

“ரேஸ் வுட்டியாடா? தண்ணியப் போட்டுக்கிட்டு எவன்எவன ஏத்திக்கிட்டுப் போன?”

“இல்ல அத்தான். நீங்க சொன்ன முள்ளுக்கு மேல ஒரு நாளும் போகல. அம்மன் மேல சத்தியமா.”

“சத்தியம் பண்ணுறான் பாரு! டர்போ தானாவா போவும்?”

தம்பி கொட்டகைக்குள் போய்விட்டான். வயதில் பெரியவர், அக்கா வீட்டுக்காரர். நானும் அவரைத் தடுக்கவில்லை. ‘விரட்டி ஓட்டினால்’ என்று பாய் சொன்ன ஒரு வார்த்தை, குரும்பகரத்தைத் தாண்டுவதற்குள் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஆயிற்று. பூவம் போய்ச் சேர்ந்தபோது வண்டியையே எரித்துவிட்டான் என்று ஆகியிருந்தது. பெண்ணின் தாய்மாமன் எனக்குப் போன் செய்தார். “கொஞ்சம் பொறுத்துப் பாப்போமுங்க” என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான்தான் பிடிவாதமாக இன்னொருவரிடமும் காட்ட வேண்டும் என்றேன். அத்தான் சென்னையில் இந்த எஞ்சின் வேலை மட்டுமே பார்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தார். வந்தவர் புகையைப் பார்த்ததும் பதறவில்லை.

“இந்த எஞ்சின் கொஞ்சம் ஆயில எரிச்சாதான் சார் உயிரோட இருக்கும். உள்ள அதுவே ஆயில் ஊத்திக்கும். குளிர்ல எடுத்தா நீலமா வரும். அத வச்சு டர்போவக் குத்தம் சொல்லக் கூடாது.”

அவர் வேலை செய்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். காற்று உள்ளே போகிற பெரிய குழாயைக் கழற்றி டர்போவின் சக்கரத்தை விரலால் சுற்றினார். பூப்போல சுழன்றது. அப்படியும் இப்படியும் அசைத்தார், ஆட்டமில்லை. இதழ் ஒன்றுகூட மழுங்கவில்லை. குழாய்க்குள் துணியை விட்டுத் துடைத்தார், எண்ணெய் தேங்கியிருக்கவில்லை. இரண்டாவது டர்போவுக்கும் அதே சோதனை. “ரெண்டும் நல்லாருக்கு” என்றார். அத்தான் நம்பவில்லை.

“அப்பறம் ஏங்க இழுக்கல?”

“ரெண்டாவது டர்போவ எழுப்புறதுக்கு காத்துதான் சேதி கொண்டு போவணும் சார். இந்தப் பொடிக் குழாயெல்லாம் அதுக்குத்தான்.”

எஞ்சின் மேல் சுண்டுவிரல் கனத்தில் கறுப்பு ரப்பர் குழாய்கள் கொத்துக் கொத்தாகப் போயின. சின்னக் கைப்பம்பை ஒவ்வொன்றிலும் செருகி அடித்துப் பார்த்தார். ஒரு குழாயில் காற்று மறுபக்கம் போகவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

“இது என்ன சார், கயிறு?”

குனிந்து பார்த்தேன். எங்கள் அம்மன் கோயில் கறுப்புக் கயிறு. ஆடித் திருவிழாவுக்கு அக்கா விடுமுறையில் வந்திருந்தாள். வண்டிமேல் ஊர்க் கண் பட்டுவிட்டது என்று பூசாரியிடம் மந்திரித்து வாங்கி வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்தக் குழாய்க் கொத்தைச் சுற்றித் தன் கையாலேயே கட்டினாள். அவிழ்ந்துவிட்டால் அபசகுனம் என்று மூன்று சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். எஞ்சின் சூட்டில் ரப்பர் இளகி, கயிறு உள்ளே பதிந்து, நடுவில் இருந்த குழாயின் கழுத்தை நெரித்துவிட்டது. பாயும் அதைப் பார்த்திருக்கிறார். சாமி கயிறாயிற்றே, நம் கை படலாமா என்று மரியாதையாக ஒதுங்கியே வேலை பார்த்திருக்கிறார்.

“நான் வெட்ட மாட்டேங்க. நீங்களே எடுத்துருங்க” என்றார் சென்னைக்காரர். நான் கும்பிட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். நசுங்கிய குழாயை மாற்றினார். ஓட்டிப் பார்த்தோம். வண்டி பறந்தது.

அத்தானைப் பார்த்து அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“சார், இந்தக் கோளாறு முள்ளு மேல போனாத்தான் தெரியும். மூவாயிரத்துக்குள்ள ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. உங்க மச்சான் ஒரு நாளு விரட்டியிருந்தா அன்னிக்கே போன் பண்ணிக் கேட்ருப்பாரு. அவரு சொன்ன பேச்சக் கேட்டு ஓட்டியிருக்காரு, அதான் தெரியல.”

ஆறு மாதமாகத் தெரியாமல் இருந்ததே அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சாட்சி. என் கண்ணில் நீர் முட்டியது. அத்தான் இப்போது தம்பியைக் கட்டிப்பிடிப்பார், தெருவில் கத்தியவர் தெருவிலேயே நின்று இதையும் சொல்வார் என்று நினைத்தேன்.

சென்னைக்காரர் போனதும் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, கயிறு வெவகாரம் வெளியில போவ வேணாம். உங்கக்காவுக்குத் தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது. நம்மளுக்குள்ள இருக்கட்டும்.”

அக்காவுக்காக என்று தலையாட்டினேன். ஆனால் அன்று சாயங்காலம் கோயில் வாசலில் நாலு பேர் கேட்டபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? “புது டர்போ போட்டாச்சி, இப்ப ஜோரா ஓடுது.” நான் பக்கத்தில் நிற்கிறேன். அம்மன் சந்நிதிக்கு எதிரில் நிற்கிறோம். குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும், தன் வாய் தவறியதை மறைக்க, என் தம்பியின் தலையில் அந்தப் பழியை ஆணி அடித்து இறக்கிவிட்டார். புது டர்போ போட்டார்கள் என்றால் பழையது போனது உண்மை. போனது உண்மை என்றால் அவன் கெடுத்ததும் உண்மை. ஊர் அப்படித்தானே கணக்குப் போடும்!

பூவம் சம்பந்தம் முறிந்தது. அத்தான் வண்டியை விற்றுவிட்டார். அவருக்கு அத்தோடு முடிந்தது.

தம்பிக்கு முடியவில்லை. போன மாதம் நாகூர்ப் பக்கம் ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம். விசாரித்துவிட்டு, “மாப்பிள்ளை தண்ணியப் போட்டு காரை எரிச்சவராமே” என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். தம்பி என்னிடம் வந்து, “எரியாத காரு இன்னம் எரிஞ்சிக்கிட்டே இருக்குண்ணே” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், எழுத நினைத்துத் தயங்குவதையும் சேர்த்து.

வெகுநேரம் அழுதாள். பிறகு என் மேல் பாய்ந்தாள்.

“என்னையக் காப்பாத்துனியளோ எல்லாரும் சேந்து? நான் அழுதா ஒரு வாரம் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். அவன் வாழ்க்கையில்லடா போச்சி! நான்தான் கட்டுனேன்னு எழுது. என்னையச் சொல்லியே எழுது.”

அத்தானிடம் அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவர் இதுவரை என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அம்மன் மேலும் அந்தக் கயிற்றின் மேலும் யாரும் பழி போட வேண்டாம். நல்லது நினைத்துக் கட்டிய கயிறு, இடம் தெரியாமல் கட்டியது, அவ்வளவுதான். கோயில் வாசலில் நின்று பொய் சொல்லும்படி எந்தக் கயிறும் யாரையும் கட்டவில்லை.

படித்தவர்கள் நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். பூவத்திலும் நாகூரிலும் சொன்னால் இன்னும் புண்ணியம். ஆனால் என் மேல் இரக்கப்பட்டு எதையும் கூட்டாதீர்கள், அத்தானுக்காகப் பார்த்து எதையும் குறைக்காதீர்கள். வார்த்தை கைமாறிக் கைமாறித்தான் அவனுக்கு இந்தக் கதி வந்தது. உங்கள் கையில் எப்படிக் கொடுத்தேனோ அப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள்: டர்போ போகவில்லை. என் தம்பி வண்டியை விரட்டவில்லை.